பறித்துக் கொட்டிய மல்லிகை

பங்குனி பிறந்தால் குண்டுமல்லி மொட்டாகத் தள்ளும். கார்த்திகைக் கடைசியில் கவாத்து வெட்டி, தை, மாசியில் தளிர் விட்ட செடிகள் பங்குனி வெயில் பட்டதும் பூரித்துக்கொண்டு நிற்கும். மதுரை மாவட்டத்தில் திருமங்கலம், உசிலம்பட்டி, செக்கானூரணி, வலையங்குளம், எலியார்பத்தி பக்கமும், திண்டுக்கல் மாவட்டத்தில் நிலக்கோட்டை வட்டாரத்திலும் பூ விவசாயிகள் ஆண்டு முழுவதும் காத்துக் கிடப்பது இந்த மூன்று நான்கு மாதங்களுக்காகத்தான். 2020-இல் மகசூல் மேலே ஏறத் தொடங்கிய அதே வாரத்தில் நாடு மூடப்பட்டது.

மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் ஊரடங்கு. மார்ச் 24 மாலை 6 மணி முதல் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு. மறுநாள் அதிகாலை தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் மதுரை அரசு மருத்துவமனையில் நிகழ்ந்தது. தினமும் மதுரைக்குப் போய் வந்துகொண்டிருந்த ஊர்கள் மிரள்வதற்கு அந்த ஒரு செய்தியே போதுமாக இருந்தது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் அடைபட்டது. கோயில்கள் நடை சாத்தின. மண்டபங்கள் முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் திண்டாடின. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் பூ ஏற்றிப்போன விமானங்களும் நின்றன. ஒரு பூவுக்கு எத்தனை வாசல் உண்டோ அத்தனையும் ஒரே வாரத்தில் சாத்தப்பட்டன.

இந்த ஊர்களை முழுக் கிராமம் என்றும் சொல்ல முடியாது, நகரம் என்றும் சொல்ல முடியாது. ஒரே வீட்டில் அப்பா பூந்தோட்டம் பார்ப்பார். மகன் மதுரையில் ஜவுளிக்கடையில் நிற்பான். மருமகள் சிப்காட் பக்கம் வேலைக்குப் போவாள். பாட்டி இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுவார். ஒரு வருமானம் தட்டினால் இன்னொன்று தாங்கும் என்பதுதான் இப்படிப்பட்ட வீடுகளின் தைரியம். எல்லாம் ஒன்றாகத் தட்டும் என்று எவரும் நினைத்திருக்கவில்லை.

விடிவதற்குள் பறிக்க வேண்டிய பொருள்

நெல் அறுத்தால் களத்தில் காயப் போடலாம். மஞ்சளை விலை வரும்வரை குடோனில் வைக்கலாம். தேங்காய் இரண்டு வாரம் காத்திருக்கும். மல்லிக்கு அந்த வசதியெல்லாம் கிடையாது. இன்று பறிக்க வேண்டிய மொட்டு இன்று சாயங்காலம் விரிந்துவிடும். விரிந்த பூவைக் கட்ட முடியாது. கட்டினாலும் யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் பின்னிரவு 3, 4 மணிக்கே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குவார்கள். வெயில் ஏறுவதற்குள் பூ மார்க்கெட்டில் இருக்க வேண்டும். பனிக்கட்டி வைத்த தெர்மாகோல் பெட்டியில் அடைத்தாலும் அதன் ஆயுளை இழுத்துப் பிடிப்பது கொஞ்ச நேரத்துக்குத்தான்.

இதற்கு ஈடாக மல்லி கொடுப்பது தினப்பணம். கரும்புக்காரர் ஆலைப் பணத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் காலத்திலும், பூக்காரர் வீட்டில் கையில் நூறு இருநூறு புரண்டுகொண்டே இருக்கும். கமிஷன் கடையில் அன்றன்று எழுதி, வாரத்துக்கு ஒருமுறையோ கேட்கும்போதோ வாங்கிக்கொள்வார்கள். பள்ளிக்கூட வேன், மளிகை பாக்கி, மகளிர் குழுத் தவணை, ஏலச்சீட்டு எல்லாம் அந்தக் கமிஷன் கடை நோட்டுப் புத்தகத்தை நம்பித்தான் ஓடும். கல்யாணச் செலவுக்கு முன்பணமும் அங்கேதான், பூவில் கழித்துக்கொள்வார்கள். அரசுத் துறைகள் போடும் சாகுபடிச் செலவுப் பட்டியலில் எருவுக்கு, உரத்துக்கு, கூலிக்கு எல்லாம் தனித்தனிப் பத்தி இருக்கும். இந்தத் தினப்பணத்துக்கு மட்டும் பத்தி கிடையாது. அது நின்றால் ஒரு வீடு எத்தனை நாள் தாங்கும் என்ற கணக்கை ஊரடங்குதான் போட்டுக் காட்டியது.

மார்ச் 27-ஆம் தேதியே வேளாண் பணிகளுக்கு மத்திய அரசு விலக்கு அளித்தது உண்மை. தோட்டத்துக்குப் போகலாம், தண்ணீர் பாய்ச்சலாம், அறுவடை செய்யலாம். காய்கறியும் பாலும் அத்தியாவசியம் என்று வண்டி ஓடின. மல்லிகை அத்தியாவசியம் என்று எந்தச் சோதனைச் சாவடியிலும் சொல்ல முடியாது. சொன்னாலும் கொண்டுபோய் இறக்க இடமில்லை.

பறித்தாலும் நட்டம், விட்டாலும் நட்டம்

முதல் நான்கைந்து நாள் பெரும்பாலானோர் பறிக்கவில்லை. மூன்று வாரம்தானே, செடியிலேயே பூத்து உதிரட்டும், கூலியாவது மிச்சம் என்று விட்டார்கள். சாயங்காலம் தோட்டப் பக்கம் போனால் வாசம் ஆளைத் தூக்கியது. வரப்பு முழுக்க வெள்ளை. கைப்பேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டவர்கள் உண்டு. பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது.

இரண்டாம் வாரத்தில் செடி வேறு கதை சொல்லத் தொடங்கியது. மல்லியில் தினமும் பறிப்பது விற்பனைக்காக மட்டும் அல்ல. பறிப்பே ஒரு பயிர்ப் பாதுகாப்பு. மொட்டுப்புழு பூ மொட்டைக் குடைந்து உள்ளே இருக்கும். ஒரு மொட்டு தீர்ந்தால் நூல் பின்னிக்கொண்டு பக்கத்து மொட்டுக்குப் போகும். தினசரிப் பறிப்பில் அந்தப் புழுவில் ஒரு பகுதி மொட்டோடு கூடைக்கு வந்துவிடும். மொட்டு ஈ தாக்கினால் மொட்டு பருக்காமல் ஊதா நிறம் பாய்ந்து காய்ந்துபோகும். அதன் புழு மண்ணில் விழுந்துதான் கூட்டுப்புழுவாகும். பறிக்காத தோட்டத்தில் இரண்டுக்கும் விருந்து. உதிர்ந்த பூ செடியடியில் மெத்தையாகக் கிடந்து அழுக, அடுத்த தலைமுறை அங்கேயே வளர்ந்தது. பங்குனி, சித்திரைச் சூட்டில் செஞ்சிலந்தியும் சேர்ந்துகொண்டது.

அப்போதுதான் விவசாயிக்கு உண்மையான சிக்கல் பிடிபட்டது. பறித்தால் கூலி கொடுக்க வேண்டும், பூவுக்குக் காசு வராது. பறிக்காவிட்டால் இந்த ஆண்டுப் பூவோடு செடியின் உடம்பும் போகும். குண்டுமல்லி ஒருமுறை நட்டால் 10 முதல் 15 ஆண்டு நின்று பலன் தரும் பயிர். ஒரு பருவத்து நட்டத்துக்குப் பயந்து பத்தாண்டுச் சொத்தை விடுவதா என்ற கேள்வியோடுதான் ஒவ்வொரு நாளும் விடிந்தது.

ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி போனார்கள். வீட்டு ஆட்களை மட்டும் வைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள், விரிந்ததும் விரியாததுமாக உருவி எடுத்து எருக்குழியில் கொட்டியவர்கள் ஒரு பகுதி. சாணத்தோடு கலந்தால் பூ நன்றாகவே மட்கும். இதில் பெரிய வித்தை இல்லை. மட்கவிடாமல் வரப்போரம் குவித்து வைத்தவர்கள் புழுவைப் பத்தடி தள்ளி வைத்தார்கள், அவ்வளவுதான். வேறு சிலர் விற்காத பூவைக் காப்பாற்ற வாரம் ஒரு மருந்து என்று அடித்தார்கள். இது வீண் செலவு. பூவே வேண்டாம் என்றான பிறகு மொட்டை உருவிப் போட்டாலே பாதிப் புழு போய்விடும். மீதிக்கு 5 சத வேப்பங்கொட்டைக் கரைசல், அதாவது 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ வேப்பம் பருப்பு இடித்து ஊறவைத்து வடிகட்டித் தெளித்திருந்தால் கையைக் கடித்திருக்காது. ஆட்டை உள்ளே விட்டு மேய்த்தவர்களும் இருந்தார்கள். மருந்து அடித்து நாள் ஆகாத தோட்டத்தில் ஆட்டை விடுவது எவ்வளவு ஆபத்து என்பதை அந்த நேரத்து ஆத்திரத்தில் பலரும் யோசிக்கவில்லை.

கொஞ்சம் நிதானித்தவர்கள் செய்தது வேறு. தண்ணீரைக் குறைத்தார்கள், நுனியைக் கிள்ளி இலேசாகக் கவாத்து செய்தார்கள், களை எடுத்து, செடியடியைக் கிளறி, உதிர்ந்ததைக் கூட்டி அள்ளினார்கள். ஓடும் வண்டியை மெதுவாக்குவதுபோல் செடியை ஓய்வுக்கு அனுப்பும் வழி அது. செடி இறக்கவில்லை, பூ அலை தள்ளிப்போனது. கூலியும் மிச்சம். இந்த வட்டாரத்துப் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. கிணறு வற்றிய காலங்களில் மல்லியை இப்படித்தான் உயிரோடு வைத்திருந்தார்கள்.

நிலக்கோட்டைப் பக்கம் மல்லியிலிருந்து வாசனைச் சாறு எடுக்கும் ஆலைகள் உண்டு. ஆலைக்கு விரிந்த பூவும் ஆகும் என்பது ஒரு வசதி. ஆனால் ஆலை விலை எப்போதும் மாலை விலையில் ஒரு சிறு பங்குதான். முகூர்த்த நாளில் கிலோ ஆயிரத்தைத் தாண்டி விற்றுப் பழகிய கைக்கு அந்த விலை கசக்கும். பக்கத்தில் ஆலையோ அதன் கொள்முதல் இடமோ இல்லாதவர்களுக்கு அந்தக் கசப்பான விலைகூடக் கிடைக்கவில்லை. வண்டி வாடகையே பூவை விழுங்கிவிடும்.

பறிக்க வந்த பெண்கள்

ஒரு ஏக்கர் மல்லியை ஒரு குடும்பம் மட்டும் பறித்து முடிக்க முடியாது. ஐம்பது, அறுபது வயதுப் பெண்கள்தான் பெரும்பாலும் பறிப்பு ஆட்கள். களை வெட்டவோ நாற்று நடவோ இடுப்பு வளையாத வயதில், விரல் மட்டும் வேலை செய்யும் இந்தத் தொழில் அவர்களுக்குப் பிடிமானம். கிலோக் கணக்கில் கூலி. காலை 9 மணிக்குள் கையில் காசு. அதில்தான் பேரப்பிள்ளைக்குத் தின்பண்டமும், சர்க்கரை மாத்திரையும், வெற்றிலை பாக்கும். ஊரடங்கின் முதல் அடி தோட்டக்காரருக்கு விழுந்தது என்றால், அன்றைக்கே இரண்டாவது அடி இவர்களுக்கு விழுந்தது.

ஏப்ரலில் பல தோட்டங்களின் வரப்பில் நடந்த பேச்சு ஏறக்குறைய ஒன்றுதான்.

"அண்ணே, நாளைக்கு வரட்டுமா?"

"வந்து என்னக்கா செய்ய? பறிச்சு எங்க கொண்டுபோய்ப் போட?"

"பாதிக் கூலி குடுங்க. இப்பிடியே விட்டா செடி நாசமாப் போகும்ல?"

பாதிக் கூலிக்கு ஒத்துக்கொண்டவர்கள் உண்டு. கூலிக்குப் பதில் வீட்டில் இருந்த நெல்லோ கேழ்வரகோ அளந்து கொடுத்தவர்கள் உண்டு. கொடுக்க வழியில்லாமல், அந்தப் பெண்கள் வரும் நேரம் பார்த்துத் தோட்டப் பக்கம் போகாமல் இருந்தவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அரசு உதவி வந்தது. அரிசி அட்டைக்கு 1,000 ரூபாயும் அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் ஏப்ரல் தொடக்கத்தில் டோக்கன் போட்டு ரேஷன் கடையில் கொடுத்தார்கள். பி.எம். கிசான் தவணை 2,000 ரூபாய் ஏப்ரலில் வங்கிக் கணக்கில் ஏறியது. ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மூன்று மாதம் தலா 500 ரூபாய். கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்துத்தான் வங்கிக்கு வர வேண்டும் என்று நாள் குறித்திருந்தார்கள். அந்த இலக்கம் எது என்று தெரியாமல் பாஸ்புத்தகத்தை மடியில் கட்டிக்கொண்டு முதல் நாளே போய், வெயிலில் நின்று திரும்பிய பாட்டிகள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். பேருந்து இல்லை. வங்கி இருக்கும் ஊருக்கு நான்கைந்து கிலோமீட்டர் நடந்து போய் வாங்கி வந்த 500 ரூபாய் அது.

நூறு நாள் வேலையின் ஊதியம் அந்த ஏப்ரல் 1 முதல் 229 ரூபாயிலிருந்து 256 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் வேலை நின்றிருந்தது. ஏப்ரல் 20-க்குப் பிறகு கட்டுப்பாடுகளோடு அனுமதி வந்தும், ஊருக்கு ஊர் தொடங்கிய நாள் வேறுபட்டது. தொடங்கிய இடங்களில் பூப் பறித்த கைகள் கண்மாய்க் கரையில் மண்வெட்டி பிடித்தன. வயதான விரலுக்கு அது ஒத்துவரவில்லை என்றாலும் வேறு கூலி இருக்கவில்லை.

குழுக் கடன் தனிக் கதை. மார்ச் 27-இல் ரிசர்வ் வங்கி மூன்று மாதம் தவணை கட்டாமல் இருக்கலாம் என்று அறிவித்து, பிறகு ஆகஸ்ட் வரை நீட்டியது. நின்றது தவணைதான், வட்டி நிற்கவில்லை. இதைப் பல குழுக்களில் யாரும் விளக்கவில்லை. ஆகஸ்ட் முடிந்ததும் தவணைக் காலம் நீண்டுபோனதைப் பார்த்துத் திகைத்தார்கள். காதில் கழுத்தில் கிடந்தது கூட்டுறவுச் சங்கத்துக்கும் அடகுக் கடைக்கும் போனது அப்போதுதான்.

முள்ளை வெட்டிப் போட்ட பாதை

ஊருக்குள் வாழ்க்கை ஒருவிதமாக ஓடியது. ஏப்ரலில் கருவேல முள்ளை வெட்டி ஊர்ப் பாதையின் குறுக்கே போட்டார்கள். வேப்பிலையும் மஞ்சளும் கரைத்த தண்ணீரைத் தெருமுனையில் தெளித்தார்கள். கபசுரக் குடிநீர் காய்ச்சி ஆளுக்கு ஒரு டம்ளர் ஊற்றினார்கள். மதுரையிலிருந்து யாராவது வந்தால், சொந்த அக்காள் மகனாக இருந்தாலும், வாசலிலேயே நிற்கவைத்துப் பேசினார்கள். கடை காலை 6 மணி முதல் பகல் 1 மணி வரை. தேநீர்க் கடை மூடியதில் ஆண்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. நாட்டு நடப்பு, பூ விலை, பஞ்சாயத்து எல்லாம் பேசிய பெஞ்சு காலியாகக் கிடந்தது. முடிவெட்டக் கடை இல்லாமல் அண்ணனுக்குத் தம்பி வெட்டிவிட்டு, இருவரும் ஒரு மாதம் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு திரிந்ததும் நடந்தது. டாஸ்மாக் மூடியிருந்த நாற்பத்துச் சொச்சம் நாள் பெண்களுக்குக் கொஞ்சம் நிம்மதி. மே 7-இல் கடை திறந்தபோது ரேஷன் வரிசையைவிட அந்த வரிசை நீளமாக இருந்த ஊர்களும் உண்டு. மறுநாளே நீதிமன்றம் மூடச் சொல்லி, பிறகு 16-ஆம் தேதி மீண்டும் திறந்தார்கள்.

சென்னையிலும் திருப்பூரிலும் இருந்த இளைஞர்கள் கிடைத்த வண்டியில் வந்து சேர்ந்தார்கள். முதல் வாரம் திண்ணையில் கைப்பேசியோடு உட்கார்ந்திருந்தவர்கள், மெல்லத் தோட்டத்துக்கு நகர்ந்தார்கள். பத்தாண்டு தொடாத மண்வெட்டியைத் தொட்டு, இரண்டே நாளில் உள்ளங்கை கொப்பளித்தது. ஆனாலும் வாய்க்கால் சீரமைப்பது, தூர்ந்த கிணற்றில் சேறு எடுப்பது, சொட்டுநீர்க் குழாய் அடைப்பைச் சரிசெய்வது என்று பல ஆண்டுகளாக ஆள் இல்லாமல் கிடந்த வேலைகள் நடந்தன. பள்ளிக்கூடம் திறக்கவில்லை, பத்தாம் வகுப்பு எல்லோரும் தேர்ச்சி என்று ஜூனில் அறிவித்தார்கள். பிறகு கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது. ஒரே கைப்பேசி இருந்த வீட்டில் அது அண்ணனுக்கா தங்கைக்கா என்ற சண்டை பெரும்பாலும் தங்கை தோற்றுப் போவதில்தான் முடிந்தது.

இறப்பு வீட்டுக்கு 20 பேர், கல்யாணத்துக்கு 50 பேர். மாலை கட்டக் கடை இல்லாததால் தோட்டத்துப் பூவை வீட்டுப் பெண்களே சரமாகத் தொடுத்துக் கொண்டுபோனார்கள். விலைக்குப் போக முடியாத மல்லி பக்கத்து வீடுகளுக்குப் போனது. வாழ்நாள் முழுக்க மல்லி பறித்தும், முகூர்த்த விலையில் ஒரு முழம் வாங்கி வைக்க மனம் வராதவர்கள் அந்தச் சித்திரையில் தலை நிறையப் பூ வைத்திருந்தார்கள்.

அடுப்பு எதில் எரிந்தது

பூப்பணம் நின்றும் பட்டினி கிடக்காத வீடுகளைக் கவனித்தால் பெரும்பாலும் அங்கே ஒரு மாடு இருந்தது. பால் சங்கம் ஒரு நாளும் நிற்கவில்லை. சுண்ணாம்பில் கட்டம் போட்டு, ஆளுக்கு ஒரு கட்டத்தில் கேனோடு நின்று காலையும் மாலையும் ஊற்றினார்கள். தேநீர்க் கடைகள் மூடியதால் தனியார் சில இடங்களில் கொள்முதலைக் குறைத்தார்கள்; அந்தப் பாலும் சங்கத்துக்குத் திரும்பியது. பட்டுவாடா சில இடங்களில் தாமதமானாலும் வந்து சேர்ந்தது. மாட்டுத் தீவனம் கிடைப்பது கடினமான வாரங்களில், முன்பே வரப்பில் சோளத்தட்டையும் அகத்தியும் போட்டிருந்தவர்கள் தப்பித்தார்கள்.

அடுத்து, கிணற்றடிக் கீரை, வேலியோர முருங்கை, பத்துப் பதினைந்து கத்தரிச் செடி. விற்பனைக் கணக்கில் எழுதப்படாத இவைதான் முதலில் வீட்டுக்கும், பிறகு தெருவுக்கும் காய் கொடுத்தன. உழவர் சந்தைகளைப் பேருந்து நிலையங்களுக்கும் மைதானங்களுக்கும் மாற்றினார்கள். தோட்டக்கலைத் துறை ஏற்பாட்டில் காய்கறி வண்டிகள் தெருத்தெருவாக வந்தன. அதற்கும் முன்பே மல்லிக் கூடையைக் கழற்றிவிட்டு டிவிஎஸ் வண்டியில் காய் மூட்டையைக் கட்டிக்கொண்டு மூன்று ஊர் சுற்றி வந்த பூ விவசாயிகள் இருந்தார்கள். ஒரு நாளைக்கு இருநூறு முந்நூறு மிஞ்சினாலும் அது தினப்பணம். மல்லி கொடுத்து வந்ததும் அதைத்தான்.

முழு நிலத்தையும் மல்லி ஆக்கி, மாட்டையும் விற்று, வீட்டுக்கு வேண்டிய கீரையைக்கூடச் சந்தையில் வாங்கிப் பழகியவர்கள் அதிகம் தவித்தார்கள். ஏக்கருக்கு அதிகப் பூ எடுத்தவர்கள் என்று முந்தைய ஆண்டு பாராட்டு வாங்கியவர்களும் அதில் சேர்த்தி. இது அவர்கள் குற்றமல்ல. ஒரே பயிரில் இறங்கச் சொல்லிப் பல காலம் மேடை போட்டுப் பேசியதில் துறைகளுக்கும் பங்கு உண்டு.

தேர் ஓடாத சித்திரை

மதுரைக்காரர்களுக்கு ஊரடங்கு உறைத்தது சித்திரையில். திருவிழா நிறுத்தப்பட்டது. மே 4-ஆம் தேதி மீனாட்சி திருக்கல்யாணத்தைக் கோயிலுக்குள் சில அர்ச்சகர்கள் மட்டும் நடத்த, ஊர் இணையத்திலும் தொலைக்காட்சியிலும் பார்த்தது. பெண்கள் வீட்டிலேயே தாலிக் கயிறு மாற்றிக்கொண்டார்கள். தேர் ஓடவில்லை, அழகர் வைகையில் இறங்கவில்லை. பூ வட்டாரத்துக்கு இது பக்தியோடு போகும் செய்தி அல்ல. திருவிழாவும் அதை ஒட்டிய முகூர்த்தங்களும் சேர்ந்த அந்த வாரங்களின் விற்பனையில்தான் பல வீடுகள் ஆண்டுக் கடனை அடைத்து வந்தன. அந்த வாரங்கள் அப்படியே போயின.

ஜூனில் கொஞ்சம் மூச்சு வந்தது. பேருந்து ஓடத் தொடங்கியது, பூவும் ஓரளவு நகர்ந்தது. அதற்குள் ஜூன் 24 முதல் மதுரை மாநகராட்சியும், பரவை பேரூராட்சியும், சுற்றியுள்ள ஊராட்சிகளும் மீண்டும் முழு ஊரடங்குக்குள் போய், ஜூலைப் பாதிவரை மூடிக் கிடந்தன. முதல் அடியைத் தாங்கியவர்களை இந்த இரண்டாவது அடிதான் உடைத்தது. டிராக்டரை விட்டு மல்லியை உழுது போட்டவர்களில் பலர் இந்த ஜூலையில்தான் போட்டார்கள். எள், மக்காச்சோளம், வெங்காயம் என்று கைக்கு வந்ததை விதைத்தார்கள்.

ஆவணியில் நிலைமை திரும்பியது. செப்டம்பர் 1-இல் கோயில்கள் திறந்தன. தள்ளிவைத்த கல்யாணங்கள் ஐம்பது பேரோடு என்றாலும் நடந்தன. ஐம்பது பேர் வந்தாலும் மாலை மாலைதான். தோட்டங்கள் குறைந்திருந்ததால் வரத்தும் குறைவு. பனிக்காலத்தில் வழக்கம்போல் பூ சுருங்க, விலை ஏறியது. ஓய்வு கொடுத்து, அடி எரு போட்டு வைத்திருந்த தோட்டங்கள் அந்த விலையைப் பிடித்தன. உழுது போட்டவர்கள் தங்கச்சிமடம் நாற்றுக்கு ஆள் அனுப்பினார்கள். புதிதாக நட்டால் சொல்லிக்கொள்ளும்படி பூ வர இரண்டாம் ஆண்டு ஆகும். 2022 பொங்கலை ஒட்டி மதுரையில் மல்லி கிலோ ஆயிரக்கணக்கில் ஏறிய நாளில், அப்படி மறுநடவு செய்த தோட்டங்கள் பல இன்னும் முழங்கால் உயரத்தில் நின்றன.

2021 மே 10-இல் மறுபடி ஊரடங்கு வந்து, 24-ஆம் தேதி முதல் மளிகைக் கடைகூடத் திறக்காத நிலை ஏற்பட்டபோது இந்த வட்டாரம் கொஞ்சம் வேறு மாதிரி நடந்துகொண்டது. நோய் முதல் அலையைவிடக் கொடியது. தெருவுக்குத் தெரு இழப்பு. அந்தத் துயரத்துக்குள்ளும் தோட்ட விஷயத்தில் காத்திருந்து பார்க்கவில்லை. தண்ணீரைக் குறைத்து, நுனி கிள்ளி, செடியை உடனே ஓய்வுக்கு அனுப்பியவர்கள் முந்தைய ஆண்டைவிட அதிகம்.

மல்லி நம்பகமில்லாத பயிர், அதை அழித்துவிட்டு வேறு போடலாமா என்ற கேள்வி விலை விழும்போதெல்லாம் வருகிறது. இரண்டு ஏக்கர் உள்ள குடும்பத்துக்குச் சொல்லக்கூடியது இது: வீட்டு ஆட்களும் வழக்கமான இரண்டு மூன்று பறிப்புப் பெண்களும் சேர்ந்து விடிவதற்குள் முடிக்கக்கூடிய அளவுக்கு மேல் மல்லி வேண்டாம், பலருக்கு அது அரை ஏக்கரைத் தாண்டாது. மீதியில் தானியமோ எண்ணெய் வித்தோ, கால் ஏக்கர் தீவனம், கிணற்றடியில் காய். பரிந்துரைப்படி ஒன்றேகால் மீட்டர் இடைவெளியில் எக்டருக்கு 6,400 செடி நிற்கும்; அரை ஏக்கருக்கு 1,300 செடி போதும். நெருக்கி நட்டால் பறிப்பதும் கடினம், செஞ்சிலந்தியும் விடாது. கவாத்தை முழுத் தோட்டத்துக்கும் ஒரே நாளில் வெட்டாமல், பாதியைக் கார்த்திகைக் கடைசியிலும் மீதியை மூன்று வாரம் கழித்தும் வெட்டினால், பூ ஒரே நேரத்தில் குவிவதும் கூலி ஆள் தட்டுவதும் குறையும். தரையிலிருந்து 45 முதல் 50 சென்டிமீட்டர் உயரம் விட்டு வெட்டி, செடிக்கு 10 கிலோ தொழுஉரம் வைக்க வேண்டும். கமிஷன் கடைக் கணக்கை மாதம் ஒருமுறை சொந்த நோட்டிலும் எழுதி வையுங்கள். மார்க்கெட் மூடிய அந்த மாதங்களில் முன்பண பாக்கி எவ்வளவு என்று பல வீடுகளில் கடைக்காரர் சொன்னதுதான் கணக்காக இருந்தது.